மூடாத அடைப்பு

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், சிலுவைத்துறையின் தென்கோடியில், பனிமயத்தின் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டிய மணலிலிருந்து கறுப்பாக, வளைவாக, ஒரு பனை உயரத்துக்கு ஒன்று எழுந்து நின்றது. அதை முதலில் பார்த்தது அவளுடைய ஆடுதான். அது கிட்டப்போய் தழை இருக்கிறதா என்று முகர்ந்து, இல்லை என்று தெரிந்ததும் வேறு பக்கம் போய்விட்டதால், ஊருக்குத் தெரிய வெயில் ஏறிவிட்டது.

திமிங்கில விலா எலும்பு என்றார்கள். உடைந்த தோணியின் வளைமரம் என்றார்கள். தொட்டுப் பார்த்தவர்களின் விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் போகவில்லை. எதுவாக இருந்தாலும் காற்றுக்கு அசையாமல் நிற்கிறதே என்று இரண்டு பெண்கள் அதன் மேல் வலையை எறிந்து காயப்போட்டார்கள். பத்து மணிக்கு வள்ளங்கள் கரை திரும்பியபோதுதான், கடலிலிருந்து ஊரைப் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று புரிந்தது. கடலிலிருந்து பார்த்தால் சிலுவைத்துறை ஒரே வரியாகத் தெரியும். இடது ஓரத்தில் பனிமயத்தின் ஓட்டுவீடு, பிறகு வீடு வீடாக, நடுவில் கோயில் கோபுரம், வலது கோடியில் ஐஸ் கட்டிக் கிட்டங்கி.

"ஏலே, நம்ம ஊருக்கு முன்னால எவனோ அடைப்புக்குறி போட்டிருக்கான்" என்றான் வள்ளத்தின் முன்னணியத்தில் நின்ற ரொசாரி.

அவன் அதைக் கத்தித்தான் சொன்னான். பின்னணியத்தில் இருந்தவனுக்கு அது பக்கத்தில் யாரோ காதைச் சொறிவது போலத்தான் கேட்டது.

அன்றிலிருந்து ஊரின் குரல் இறங்க ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை ஏலக்காரரின் குரல் முதல் வரிசையோடு நின்றது; புதன்கிழமை அவர் விரலைக் காட்டி ஏலம் விட்டார். வியாழக்கிழமை கோயில் மணி, தம்ளரில் கரண்டி தட்டுவதுபோல அடித்தது. குழாயடியில் இருபது வருஷமாகச் சண்டை போட்டுவந்த மூன்று பெண்கள், கிசுகிசுப்பாக ஏசிக்கொள்வதில் ஒரு ருசியும் இல்லை என்று கண்டு, வேறு வழியில்லாமல் சமாதானமானார்கள். கைக்குழந்தைகள் அழுவது தெரியாததால் தாய்மார்கள் அவற்றைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே அலைந்தார்கள். ஊர் அதற்கும் பழகியது. கை தட்டிக் கூப்பிடுவதை விட்டுச் சிறு கல்லெறிந்து கூப்பிடப் பழகியது, வாயைப் பார்த்து வார்த்தையைப் பொறுக்கப் பழகியது, பொய் சொல்கிறவர்கள் உதட்டைக் கையால் மறைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

ஆனால் வெளியூர் பழகவில்லை. வழக்கமாக எட்டரைக்கு வரும் பஸ், கையை நீட்டி நின்ற பதினேழு பேரைத் தாண்டி, நிற்காமல் அடுத்த ஊருக்குப் போனது. மீன் ஏற்ற வரும் லாரிக்காரன், ஊர் இருக்கும் திருப்பத்தை மூன்று தடவை கடந்துவிட்டுத் திரும்பிப் போனான். வாசிக்கும்போது அடைப்புக்குள் இருப்பதைக் கண் தாண்டிவிடுவது மாதிரி, போகிற வருகிற எல்லோரும் சிலுவைத்துறையைத் தாண்டினார்கள்.

காரணம் ஊருக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததால்தான் முதல் ஒரு வாரம் யாரும் அதைச் சொல்லவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் பனிமயத்தின் புருஷன் சூசைமரியான் தனி வள்ளத்தில் கணவாய் மீன் பிடிக்கப் போனான். வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. உடல் கிடைக்காமல் கடலில் போனவர்களுக்குச் சிலுவைத்துறையில் சட்டையை அடக்கம் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப்போகும் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்து, மனைவி தன் கையால் ஒரு பிடி மண் போட வேண்டும். அதன் பிறகே, கோயில் உபதேசியார் பங்குக் குடும்ப ஏட்டில் அடைப்பைத் திறந்து, 'இறந்த' என்ற சொல்லையும் பெயரையும் எழுதி, அடைப்பை மூடுவார். அதுதான் அந்த ஊரில் ஒரு கடல்காரனின் கல்லறை.

பனிமயம் சட்டையைக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை, மெல்லிய நீலக்கோடு, மேலிருந்து மூன்றாவது பித்தான் மட்டும் வேறு நிறம். அதை வாரம் தவறாமல் துவைத்துக் கொடியில் போட்டாள்.

உபதேசியார் லியோன் வருஷத்துக்கு ஒரு முறை ஏட்டைப் புதிதாகப் பெயர்த்தெழுதுவார். தெற்கே பனிமயத்தின் வீட்டில் தொடங்கி வடக்கே ஐஸ் கிட்டங்கி வரை நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். சூசைமரியான் போன அந்த வருஷம், எப்படியும் இந்த வாரம் சட்டை வந்துவிடும் என்ற நினைப்பில், முதல் பக்கத்து முதல் வரியில் அடைப்பைத் திறந்துவிட்டார். அப்போது ஜன்னலில் பனிமயத்தின் முகம் தெரிந்தது.

"என்ன எழுதுதீரு உபதேசியாரே?"

அவருக்கு 'இறந்த' என்று எழுதக் கை வரவில்லை. வெறும் சூசைமரியான் என்று மட்டும் எழுதினார். மூடவும் கை வரவில்லை. "நீ சொல்லாம இத மூட மாட்டேன் மகளே" என்று மேசைச் சிலுவையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த பெயர் பனிமயம், அடுத்த பெயர் மகள் ஜெனோவா, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று எழுதிக்கொண்டே போய்விட்டார். கோயில் ஏட்டில் மை பட்டதை அழிக்கக் கூடாது. பெயர்த்தெழுதும்போது பழையதில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஆகவே எட்டு வருஷமாக, எட்டு ஏட்டில், அந்த அடைப்பு திறந்தே கிடந்தது. ஊர் முழுவதும் அதற்குள் இருந்தது. ஏன் இத்தனை காலம் சும்மா கிடந்துவிட்டு இப்போது எழுந்தது என்றால், ஜெனோவாவின் கல்யாண ஓலைக்காக உபதேசியார் இந்த வருஷம்தான் அந்த முதல் வரியை எடுத்து விரலால் தொட்டு வாசித்தார் என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் காரணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவர்களுக்குக் குரல் வேண்டியிருந்தது.

பனிமயத்துக்கும் வேண்டியிருந்தது. ஜெனோவாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ரொமால்டு சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். டிசம்பர் முதல் தேதி கப்பலேறினால் பதினோரு மாதம் கழித்துத்தான் கரை. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணமும் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும், இன்னாருடைய மகளை இன்னாருடைய மகனுக்கு என்று ஊர் முழுவதும் கேட்க வாசித்தாக வேண்டும்.

முதல் ஞாயிறு உபதேசியார் ஓலையைப் பிடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க வாசித்தார். முன்பெஞ்சில் இருந்த கிழவர்கூட, அவர் கொட்டாவி விடுகிறார் என்றுதான் நினைத்தார்.

பூசை முடிந்து பங்குச்சாமி பனிமயத்தைக் கூப்பிட்டு, அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னார்: "இது செல்லாதும்மா. ஒருத்தர் தடை சொல்லணும்னா முதல்ல அவர் காதில விழணுமே."

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இப்படித்தானே இருக்கும். கடைசி ஞாயிறு, கேக்கிற மாதிரி வாசிச்சா, மூணு ஓலையையும் ஒண்ணா வாசிக்க ஆயர்கிட்ட அனுமதி வாங்குதேன். கேக்கிற மாதிரி இருந்தா."

அந்த வாரம் ஊர்க் கமிட்டி கூடியது. எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சர் கரும்பலகையைத் தூக்கி வந்து அடைப்பின் மூன்று வகையையும் போட்டுக் காட்டினாள். பிறைபோல வளைந்தது, மெல்லச் சொல்ல வேண்டியதைச் சொல்ல. சாய்த்து வைத்த பகரம்போல மூலைகொண்டது, எழுதினவர் விட்டதைப் பின்னால் வந்தவர் இட்டு நிரப்ப. நடுவில் மூக்குப் போல நெளிந்தது, பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்ட.

"நமக்கு நிக்கது முதல் சாதி" என்று எழுதினாள். "இது ரெண்டு மூணு வார்த்தைக்கு உள்ள இடம். இதுக்குள்ள ரெண்டாயிரம் பேர வச்சா, ஆளுக்கு எவ்வளவு சத்தம் மிஞ்சும்?"

"அவ மூடச் சொல்ல மாட்டா. நாம ஒண்ணு செஞ்சு வடக்க நட்டிருவோம்" என்றான் ஆசாரி அருளப்பன். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அருளப்பன் முப்பது வருஷமாகக் கதவுநிலை மட்டுமே செய்து பழகியவன். நாலு நாள் இழைத்து, ஐஸ் கிட்டங்கிக்கு வடக்கே அவன் நட்டது, மூலை பிசகாத, நேர்த்தியான பகர அடைப்பு. ஊர் அதன் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாய் அதன் வழியாக உள்ளே வந்தது, வாசல் என்று நினைத்து.

"ஏன்வே, வளஞ்சத மூட வளஞ்சதுதான வேணும்" என்றாள் அருளப்பனின் பெண்டாட்டி. "வீட்டுக்கு ஒரு தொட்டில் கேட்டேன், அதையும் பெட்டியாத்தான் செஞ்சீரு."

அவன் ரோஷப்பட்டு வளைக்கப் பார்த்தான். மரம் நடுவில் முறுக்கிக்கொண்டு நெளிந்து, மூக்கு நீட்டி நின்றது. அதையும் நட்டார்கள். அது இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் மழையில் விழுந்தது. இரண்டாவது ஞாயிறும் கழிந்தது.

பனிமயம் இந்த நாட்களில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. தண்ணீருக்குப் போனால் பெண்கள் வழிவிட்டு விலகினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்காது, ஆனால் உதடுகள் அசைந்தன. சட்டை, சட்டை என்று அசைந்தன. அந்தச் சொல்லை அவள் இப்போது எந்த வாயிலும் தூரத்திலிருந்தே வாசித்துவிடுவாள்.

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. சூசைமரியான் கரைக்கு வரும்போது வள்ளத்தில் நின்றபடியே, "ஏளா பனீ" என்று கூப்பிடுகிறவன். ஊர் முழுக்கக் கேட்கும். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய் உலை வைப்பாள். எட்டு வருஷமாகப் பொழுது சாயும் நேரம் அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது கண்ணுக்காக அல்ல, காதுக்காக. இப்போது அலையே பஞ்சுபோல வந்து விழுகிறது. இந்த வாரம் அவன் வந்து கூப்பிட்டிருந்தால்? அடைப்பு திறந்தே கிடந்தால் அவன் குரல் கேட்காது. அவன் பெயரோடு மூடினால் அவன் உள்ளே, அவள் வெளியே. ஊருக்குக் குரல் திரும்பும். அந்த இரைச்சலில் உள்ளிருந்து ஒருவன் மெல்லக் கூப்பிடுவது ஒருநாளும் அவள் காதுக்கு எட்டாது.

கடைசி ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கடலில் மழைமூட்டம் இறங்கியது. எதிரெதிரே வந்த இரண்டு வள்ளங்களிலும் சங்கு ஊதினார்கள், தகரம் தட்டினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கேட்கவில்லை. ரொசாரியின் தம்பி டெரன்ஸின் கால் இரண்டு அணியங்களுக்கு நடுவே சிக்கியது. அவன் கத்தியதை அவனைப் பிடித்திருந்தவனே கேட்கவில்லை. வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அன்று மத்தியானம் ஊர் பனிமயத்தின் வீட்டுக்கு வந்தது. சத்தமில்லாமல் வந்ததால், அவள் அடுப்படியிலிருந்து திரும்பியபோது முற்றம் முழுக்க முகங்களாக இருந்தது. முன்னால் ரொசாரி, அவன் சட்டையில் தம்பியின் ரத்தம். அவன் அவள் காதுப் பக்கம் குனிந்து, இருக்கும் குரலையெல்லாம் திரட்டிப் பேசினான்.

"மைனி, சூச நமக்கும் கூட்டாளிதான். நானும் அவன் கூட ஆயிரம் தடவ கடலுக்குப் போனவன். அவன் வரமாட்டான். உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

"சட்டயத் தாரும். இல்லன்னா ஞாயித்துக்கெழம நாங்களே உபதேசியார் கையப் பிடிச்சு மூடவைப்போம்."

"ரொசாரி, ஓம் தம்பி காலுக்கு நான் பொறுப்பா?"

அவன் கண், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைக்குப் போயிற்று. ஒரு கை நீட்டினால் எட்டும். எல்லோருடைய கண்ணும் அங்கே போயிற்று. அப்போது ஜெனோவா வீட்டுக்குள்ளிருந்து வந்து, கூட்டத்துக்கும் கொடிக்கும் நடுவில், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை ஒரு கையில் பிடித்தபடி நின்றாள். இருபத்திரண்டு வயது, அப்பனுடைய நெற்றி. கூட்டம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று உதடுகளால் சொல்லிக்கொண்டே.

எல்லோரும் போன பிறகு ஜெனோவா அம்மாவின் தோளில் தாடையை வைத்து, காதில் சொன்னாள்: "எனக்காண்டி அப்பாவ மூடாதிங்கம்மா. கல்யாணம் அடுத்த வருஷம் வச்சிக்கிடலாம்."

"அவன் காத்திருப்பானா?"

"பதினோரு மாசம்தான."

"எட்டு வருஷமும் அப்படித்தாம்ளா ஆரம்பிச்சிச்சி" என்றாள் பனிமயம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கு முன்பே அவள் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். கையில் சட்டை இல்லை. வெளியே ரொசாரியும் பத்துப் பதினைந்து பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உபதேசியார் லியோன் ஏட்டை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார், பேனா திறந்திருந்தது. அவருடைய இரண்டு தோளுக்குப் பின்னாலும் கமிட்டிக்காரர்கள் நின்றார்கள்.

"என்ன மன்னிச்சிரு மகளே" என்று அவர் வாய் அசைந்தது.

"நான் சொல்லாம மூட மாட்டேன்னு சொன்னீரு. இப்ப சொல்லுதேன். மூடும்" என்றாள் அவள். "எங்க மூடணும்னும் நாந்தான் சொல்லுவேன்."

அவள் மேசையைச் சுற்றி வந்து, முதல் வரியில் திறந்த அடைப்பின் மேல் விரலை வைத்தாள். விரலை மெதுவாக நகர்த்தினாள். சூசைமரியான் என்ற பெயரைக் கடந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். ரொசாரி ஜன்னலுக்கு வெளியிலிருந்து தலையை நீட்டினான். விரல் பனிமயம் என்ற பெயரையும் கடந்து, ஜெனோவா என்ற பெயருக்கு முன்னால், ஒரு நூலளவு வெற்றிடத்தில் நின்றது.

"இங்க."

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். "ஏளா, நீயும் உள்ள ஆயிருவியே. ஒம் பேச்சு வெளிய கேக்காது. மக கல்யாணத்துல, பேரப்பிள்ளையக் கூப்பிடுததுல, ஒண்ணுலயும் கேக்காது."

"எட்டு வருஷமா உள்ளதான உபதேசியாரே கிடக்கேன்."

"'இறந்த'ன்னு எழுதணுமே."

"அந்தச் சொல்ல அன்னைக்கே நீரு எழுதல. உள்ளதை உள்ளபடிதான எழுதணும்? மூட மட்டும் செய்யும்."

அவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் ரொசாரியைப் பார்த்தார்கள். ரொசாரி அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான். உபதேசியார் மூச்சை உள்ளிழுத்து, நூலளவு இடத்தில், நடுங்காத ஒரே இழுப்பில், அதை வளைத்தார்.

முதலில் கேட்டது கடல். எங்கோ சாக்கில் கட்டிவைத்திருந்ததை அவிழ்த்துக் கொட்டினாற்போல அது வந்து விழுந்தது. பிறகு ஒரே நேரத்தில் ஊரின் கைக்குழந்தைகள் எல்லாம் அழுதன. மூன்று வாரத்து அழுகை. கோயில் மணி அடித்தது. அடித்தவன் பயந்து கயிற்றை விட்டுவிட்டான். தெருவில் மனிதர்கள் தங்கள் சத்தத்துக்குத் தாங்களே திடுக்கிட்டு வாயைப் பொத்தினார்கள். குழாயடியில் மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

பூசையில் மூன்று ஓலையும் ஒன்றாக வாசிக்கப்பட்டது. உபதேசியார், ஊரின் பெயரைச் சொன்னபோது கூரையில் இருந்த புறாக்கள் எழுந்தன. பிறகு அவர் குரல் தானாகவே தாழ்ந்து, சூசைமரியான், பனிமயம் என்ற இரண்டு பெயரையும் ஒரு மூச்சில் மெல்லச் சொல்லிக் கடந்து, மறுபடி எழுந்து, "இவர்களுடைய மகள் ஜெனோவாவை" என்று சொன்னபோது, கடைசிப் பெஞ்சில் இருந்த செவிட்டுக் கிழவி திரும்பி, "யாருக்காம்?" என்று கேட்டாள். யாரும் தடை சொல்லவில்லை. எட்டரை பஸ் கோயிலுக்கு எதிரில் வந்து நின்று, ஏறுவதற்கு ஆளில்லாமல், ஹாரன் அடித்தது.

பூசை முடிந்து பனிமயம் வீட்டுக்குத் திரும்பியபோது, வடக்குச் சுவரை ஒட்டி மற்றொன்று எழுந்து நின்றது. அதே உயரம், அதே கறுப்பு, எதிர்ப்பக்கமாக வளைந்தது. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய ஓட்டுவீடு, ஆடு, கொடி. அவள் கொடியின் பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, கயிற்றை இந்த வளைவிலிருந்து அந்த வளைவுக்கு இழுத்துக் கட்டினாள்.

புதன்கிழமை கல்யாணம். கோயில் வாசலில் பிள்ளைகள் முழங்காலிட்டபோது, பனிமயம் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு வாயசைத்தாள். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "சம்மந்திக்குத் தொண்ட கட்டிக்கிச்சோ" என்று கேட்டாள். யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். ஜெனோவா மட்டும் அம்மாவின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு மூன்று வாரப் பழக்கம் இருந்தது.

சிலுவைத்துறை இதற்கும் பழகியது. தென்கோடி வழியாகப் போகிறவர்கள் முதல் வளைவில் பேச்சைத் தாழ்த்தி, இரண்டாவது வளைவு தாண்டியதும் உயர்த்திக்கொண்டார்கள். ரொசாரி சனிக்கிழமைகளில் கொஞ்சம் கணவாயைக் கொண்டுவந்து, உள்ளே வராமல், வளைவின் அடியில் வைத்துவிட்டுப் போனான்.

ரொமால்டு கப்பலேறிய மறுநாள், பொழுது சாயும் நேரத்தில், ஜெனோவா அம்மாவைப் பார்க்க வந்தாள். வளைவுக்கு வெளியே நின்று பார்த்தால் அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஆடு வாயை அசைத்துக்கொண்டிருந்தது. படத்தில் பார்ப்பதுபோல ஒரு சத்தமும் இல்லை. ஒரு காலை உள்ளே எடுத்து வைத்ததும் ஊரின் இரைச்சல் பின்னால் எங்கோ போய், ஆடு அசைபோடுவது கேட்டது. கொடியில் சட்டையின் ஈரம் சொட்டுவது கேட்டது.

"வாளா" என்றாள் பனிமயம். தன் பழைய குரலில், முழுசாக.

ஜெனோவா அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள். ரெண்டு மூணு வார்த்தைக்கு உள்ள இடத்தில் அவ்வளவு அமைதி இருந்தது. மணலில் நண்டு வளை தோண்டுவதுகூடத் தெரிந்தது.

"எதாவது கேக்குதாம்மா?" என்றாள் மகள்.

பனிமயம் தலையைச் சாய்த்துக் கவனித்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

"இன்னும் இல்ல. ஆனா மெல்லக் கூப்பிட்டாலும் இனித் தவறாது."

இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று ஜெனோவா எழுந்து, வடக்கு வளைவைத் தாண்டி வெளியே வந்தாள். ஊர் அவள் மேல் இரைந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கையை அசைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், பார்த்துப் போ என்றிருக்கும். அவளுக்குப் பின்னால், இரண்டு வளைவுக்கும் நடுவில், கடற்காற்று சட்டைக்குள் புகுந்து, தோள் நிறைந்து, கைகள் நிறைந்து நின்றது.